குவாரியை வரையப் போகும் தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு,

மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கத்துக் கல்குவாரிகளைப் பெரிய ஓவியங்களாக வரையப் போவதாக எழுதியிருந்தாய். கீழவளவில் எடுத்த படங்களையும் பார்த்தேன். செங்குத்தாக அறுத்த பாறைச் சுவர், படிப்படியாக இறங்கும் பள்ளம், அடியில் தேங்கிய பச்சைத் தண்ணீர். அழகாகத்தான் இருக்கின்றன. அந்த அழகுதான் எனக்குக் கவலை தருகிறது.

கனடா நாட்டுப் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் பர்டின்ஸ்கி 1993இல் இத்தாலியின் கராரா பளிங்குக் குவாரிகளைப் படமெடுத்தார். நான் மதிக்கும் படங்கள் அவை. ஆனாலும் பார்ப்பவர் வியந்துவிட்டு நகர்ந்துவிட முடியும். அங்கே முன்பு என்ன இருந்தது என்ற கேள்வி எழாமலே போகலாம்.

கீழவளவில் அந்தக் கேள்விக்குப் பதில் பக்கத்திலேயே இருக்கிறது. பஞ்சபாண்டவர் மலைக்குப் போனாயா? குகைத்தளத்தில் சமணத் துறவியர் படுக்கக் கொத்திய கற்படுக்கைகள் இருக்கின்றன. தொண்டியைச் சேர்ந்த ஒருவர் கொடுத்த பள்ளி, அதாவது துறவியர் தங்குமிடம், என்று தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் உள்ள கல்வெட்டு சொல்கிறது, இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தையது. படுக்கைகளை உளியால் கொத்திச் சமப்படுத்தியவர்கள் பாறையிடம் ஒண்டக் கொஞ்சம் இடம் கேட்டு வாங்கிக்கொண்டது போலத்தான் இருக்கிறது. அதை ஒட்டிய பாறைகளில் வேறு தடம்: வரிசையாகத் துளை போட்டு, வயர் விட்டு அறுத்து, கிரேனில் தூக்கிப்போன தடம். இரண்டும் மனிதக் கைபட்ட பாறைதான். இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவா. பள்ளத்தை மட்டும் வரைந்தால் பாதிக் கதைதான் வரும்.

அப்புறம், கலைஞர்களான நாமும் இதில் வெளியாட்கள் இல்லை. 2010இல் யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டம் வந்தது உனக்குத் தெரிந்திருக்கும். கலையின் பெயரைச் சொல்லித்தான் அந்த மலையைக் குடையப் பார்த்தார்கள். நரசிங்கம் ஊர் மக்கள் எதிர்த்து நின்றார்கள், திட்டம் கைவிடப்பட்டது. மதுரையின் குன்றுகளுக்கு மக்களை அழைத்துப் போகும் பசுமை நடை, எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் முன்முயற்சியில் அந்தச் சமயத்தில்தான் தொடங்கியது.

அந்த மலையில் ஏற்கெனவே சிற்பம் இல்லையா? இருக்கிறது. அடிவாரத்தில் கி.பி. 770இல் பாண்டிய அமைச்சர் மாறன்காரி குடையத் தொடங்கிய நரசிங்கப் பெருமாள் குடைவரைக் கோயில். மேலே பாறை முகத்தில் சமணத் தீர்த்தங்கரர்கள், அவர்கள்மேல் பழைய வண்ணத்தின் மிச்சம். இவ்வளவு செதுக்கியும் ஒத்தக்கடையிலிருந்து பார்த்தால் யானை படுத்த உருவம் துளியும் மாறவில்லை. எவ்வளவு வெட்டலாம், எங்கே நிறுத்தவேண்டும் என்று அந்தச் சிற்பிகளுக்குத் தெரிந்திருந்தது. உன் வரிசையில் யானைமலையும் கட்டாயம் இருக்கவேண்டும்.

அரிட்டாபட்டியையும் விட்டுவிடாதே. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. ஆனால் 2024இல் அதையும் உள்ளடக்கிய பகுதியை டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். ஊர்கள் திரண்டு போராடிய பிறகு, 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. வெட்டிய பிறகு வரைய எத்தனையோ பேர் வருவார்கள். முழுசாக நிற்கும்போதே அந்தக் குன்றுகளை நீ வரைந்து வை.

ஒரே ஒரு வேண்டுகோள். கண்காட்சியை முதலில் சென்னைக்குக் கொண்டுபோகாதே. கீழவளவு ஊர் மந்தைத் திடலில் வை. குவாரியில் வேலை பார்த்தவர்களும், அந்த மலையடிவாரத்தில் ஆடு மேய்த்தவர்களும் முதலில் பார்க்கட்டும். எது விட்டுப்போயிற்று என்று அவர்கள் சொல்வார்கள், அதையும் சேர்த்து வரை. தேதி முடிவானதும் சொல், ஓவியங்களை மாட்ட நானும் வருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்