மேல்காற்றில் வளைந்த மரம்

டொராண்டோ,
புதன் இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். குளிர் தணிந்துவிட்டது, கவலைப்பட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

புது அனிமேஷன் தொடரைப் பற்றிப் போன கடிதத்தில் எழுதியிருந்தேன் அல்லவா? கதை 1910களில், இங்கிருந்து வடக்கே அல்கான்குவின் காட்டு ஏரிக்கரையில் நடக்கிறது. பின்னணிக் காட்சிகள் என் பொறுப்பு. நான் வரைந்த ஏரிக்கரையைக் கலை இயக்குநர் திருப்பிக் கொடுத்துவிட்டார். இரண்டு நாள் சாப்பாடே இறங்கவில்லை. பிறகுதான் விளங்கியது: பைன் மரம் என்றதும் என் கை கொடைக்கானலுக்குப் போய்விட்டிருக்கிறது. தூண் நட்டதுபோல நெட்டநெடிய மரங்கள்!

அதனால் இன்று வேலை முடிந்ததும் டிராம் ஏறி, டண்டாஸ் தெருவில் இருக்கும் ஒன்டாரியோ ஆர்ட் கேலரிக்குப் போனேன். கனடா ஓவியர் டாம் தாம்சன் 1916-17 குளிர்காலத்தில் வரைந்த 'மேல்காற்று' (மேற்கிலிருந்து வீசும் காற்று) என்ற ஓவியம் அங்கேதான் இருக்கிறது. ஏறக்குறைய 4 அடி உயரம், 4½ அடி அகலம். பாறைமேல் பைன் மரம். அடித்த காற்றில் வளைந்து, கிளைகள் ஒதுங்கிப்போய் நிற்கிறது. பின்னால் அலையடிக்கும் ஏரி, அதற்கும் பின்னால் குன்றுகள், மேலே மேகம். நாங்கள் பின்னணியைத் தனித்தனி அடுக்குகளாக வரைவோம். காமிரா நகரும்போது கிட்டத்து அடுக்கு வேகமாகவும் தூரத்து அடுக்கு மெதுவாகவும் போகும். இந்த ஓவியம் தானாகவே நான்கு அடுக்காகப் பிரிகிறது.

ஆனால் உங்களுக்கு எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. காட்டில் படகில் திரிந்தபோது அவர் கையோடு கொண்டுபோன சிறு மரப்பலகைகளில் வரைந்தவையும் மாட்டியிருந்தார்கள். பலவும் 8½க்கு 10½ அங்குலம்தான், நம் வீட்டுச் சாமி படத்தின் அளவு. ஒன்றன் அருகே முகத்தைக் கொண்டுபோனேன். வானத்து நீலத்துக்கும் கிளையின் கருமைக்கும் நடுவில் பலகையின் பழுப்பு அப்படியே தெரிகிறது. அந்த இடத்தில் அவர் பூசவே இல்லை. நான்கடி தள்ளி நின்றால் அதுவே கிளைமேல் விழுந்த வெயிலாகிவிடுகிறது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது அப்பா. கடைப்பலகை எழுதி முடித்ததும் சாலையைக் கடந்து டீக்கடை வாசலில் நின்று பார்ப்பீர்களே, அந்த ஞாபகம். "எழுத்துக்கு நடுவில் தகரம் மூச்சுவிட வேண்டும்" என்பீர்களே. நான் ஒரு மூலை விடாமல் பூசி நிரப்பியிருந்தேன்.

தாம்சனும் உங்கள் தொழில்காரர்தான். இதே ஊரில் கிரிப் என்ற நிறுவனத்தில் விளம்பரமும் எழுத்தும் வரைந்து சம்பாதித்தவர். அங்கே உடன் வேலை பார்த்த சிலரும் சேர்ந்துதான் 1920இல் 'எழுவர் குழு' என்ற ஓவியர் குழுவைத் தொடங்கினார்கள். அதைப் பார்க்க அவர் இல்லை. 1917 ஜூலையில் கேனோ ஏரியில் படகில் போனவர் பிணமாகத்தான் கிடைத்தார்; 40 வயதுகூட நிரம்பவில்லை. பிளெக்ஸ் பேனர் வந்த பிறகு, "நான் வெறும் போர்டு எழுதுகிறவன்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். இனி அப்படிச் சொல்லாதீர்கள்.

நாளை அந்த ஏரிக்கரையை முதலிலிருந்து வரையப் போகிறேன். ஓர் உதவி வேண்டும். சந்தைப்பேட்டை மளிகைக் கடையில் நீங்கள் எழுதிய பலகை இன்னும் இருக்கிறது அல்லவா? தம்பியை அனுப்பி, தூரிகைத் தடம் தெரிகிற மாதிரி கிட்டத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தாம்சன் படத்துக்குப் பக்கத்தில் என் மேசைமேல் ஒட்டிவைக்க வேண்டும்.

உங்கள் அன்பு மகள்