கப்பல் பயணம் வேண்டாம், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சிங்கப்பூரில் நலம். நீயும் மருமகளும் பாப்பாவும் மெல்பர்னில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நான் பேச ஆரம்பித்தால் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி திருத்துவாள். சொல்ல வந்தது பாதியில் நின்றுபோகும். அதனால்தான் தாளில் எழுதி, படம் பிடித்து அனுப்பச் சொல்லித் தங்கச்சியிடம் கொடுக்கிறேன்.

டிசம்பரில் நீங்கள் வரும்போது என் 65-வது பிறந்தநாளுக்கு எல்லாரையும் கப்பலில் கூட்டிப்போக ஏற்பாடு பண்ணுகிறாயாம். தங்கச்சியால் ரகசியத்தை ரெண்டு நாள்கூட வைத்திருக்க முடியவில்லை. அவளைத் திட்டாதே. இன்னும் பணம் கட்டவில்லை என்றால் கட்டாதே.

கோபத்தில் சொல்லவில்லை. யோசித்துப் பார். செம்பவாங்கில் கப்பல் பட்டறையில் வெல்டராக ஆயுசைக் கழித்தவன் நான். டாங்கிக்குள் இறங்கி, முதுகு நிமிர இடமில்லாமல் படுத்துக்கொண்டு வேலை பார்த்திருக்கிறேன். எனக்குக் கப்பல் என்றால் துருவும் புகையும்தான் நினைவுக்கு வரும். மேல்தளத்தில் நீச்சல்குளம் இருக்கும், ராத்திரி ஆட்டம் பாட்டம் இருக்கும் என்பாய். இருக்கட்டும். படுத்த பிறகு அடித்தளத்தில் ஏதாவது சத்தம் கேட்டால் எழுந்துபோய் என்னவென்று பார்க்கத்தான் எனக்குக் கால் பரபரக்கும். அம்மாவோ விஷயத்தைக் கேட்டதும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "பாத்ரூம்ல வாளி இருக்குமா?"

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாங்கள் ரெண்டு பேரும் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறோம் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். "எங்கயாச்சும் போனீங்களாப்பா?" என்று நீ கேட்பதும், "பக்கத்துலதான்யா" என்று நான் சொல்வதும், அதோடு பேச்சு வேறு பக்கம் போய்விடுவதும் வழக்கமாகிவிட்டது. அந்தப் பக்கத்தில் என்னென்ன இருக்கிறது என்று இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

காலையில் நடப்பது பீஷான் - அங் மோ கியோ பூங்காவில். நீ பள்ளிக்கூடம் போன காலத்தில் அங்கே ஓடியது சிமெண்டு லோங்காங், வெறும் கால்வாய்தானே. மழை தூறினாலே பக்கத்தில் போகாதே என்று அம்மா கத்துவாள். 2012-ல் அந்தச் சிமெண்டை உடைத்தெடுத்து, காலாங் ஆற்றை வளைந்து நெளிந்து ஓடவிட்டார்கள். இப்போது புல்லும் கல்லுமாகக் கரை, தண்ணீரில் மீன், மீனைத் தேடி நீர்நாய்க் குடும்பம். அவை வரும் நாளில் யாரும் நடப்பதில்லை, எல்லாரும் போனைத் தூக்கிக்கொண்டு கரையில் நிற்பார்கள். தனி வீட்டுக்காரர்கள் ஆசையாக வளர்க்கும் கோய் மீன்களை நீர்நாய்கள் ராத்திரியில் புகுந்து தின்றுவிடுகின்றன என்று பத்திரிகையில் அவ்வப்போது செய்தி வரும். அம்மா எப்போதும் நீர்நாய் கட்சி.

அவளுடைய முழங்காலுக்கு மருந்து வாங்கினாயா, டாக்டரைப் பார்த்தாயா என்று நீ கேட்கிறாய். பார்க்கிறோம். அது போக, செம்பவாங் வெந்நீர் ஊற்றுக்கும் போகிறோம். பட்டறையில் இருந்தபோது ஷிப்டு முடிந்து நாங்கள் நாலைந்து பேர் அங்கே போவதுண்டு. அந்தக் காலத்தில் சிமெண்டுத் தரையும் குழாயும் தவிர ஒன்றும் கிடையாது. பிளாஸ்டிக் வாளியில் பிடித்து, குளிர்ந்த தண்ணீர் கலந்து, காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அதற்கும் முன்னால் அந்தத் தண்ணீரை ஃப்ரேசர் அண்ட் நீவ் கம்பெனிக்காரர்கள் புட்டியில் அடைத்து விற்றார்களாம். 2020-ல் அதைப் பூங்காவாகத் திருத்தித் திறந்தார்கள். தண்ணீர் 70 டிகிரியில் வந்து, படிப்படியாக இறங்கும் தொட்டிகளில் ஆறி, கடைசித் தொட்டிக்கு வரும்போது 40 டிகிரி ஆகிவிடுகிறது. அம்மா கடைசித் தொட்டியில் தொடங்கி ஒவ்வொரு படியாக மேலே ஏறப் பார்ப்பாள். பக்கத்தில் உட்காரும் சீனப் பாட்டிகள் அவளுக்கு எப்படி உட்கார வேண்டும், எவ்வளவு நேரம் வைக்க வேண்டும் என்று மலாய் கலந்து பாடம் நடத்துவார்கள். இவளும் பதிலுக்கு வெந்தயம், நல்லெண்ணெய் என்று வைத்தியம் சொல்லுவாள். ரெண்டு தரப்புக்கும் பாதி புரியும். திரும்பும்போது முழங்கால் வலியைப் பற்றிப் பேச்சே இருக்காது, அந்தப் பாட்டிகளின் மருமகள்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வருவாள்.

தங்கச்சி மகன் சின்னவனுக்கு அங்கே முட்டை அவிக்க வேண்டும். வாளியில் சுடுதண்ணீரைப் பிடித்து முட்டையைப் போட்டு மூடிவைப்போம். தண்ணீர் கொதிநிலையில் இல்லாததால் சட்டென்று வேகாது. நடுவில் வேறு தண்ணீர் மாற்ற வேண்டும். அவன் நிமிடத்துக்கு ஒரு தரம் மூடியைத் திறந்து பார்ப்பான், திறக்கத் திறக்கச் சூடு போகும். "மூடுடா" என்று நான் கத்தினாலும் கேட்க மாட்டான். கடைசியில் வெள்ளைக்கரு தளதளவென்றும் மஞ்சள் ஓரளவு இறுகியும் வரும். கறுப்புச் சோயாவும் மிளகுத்தூளும் வீட்டிலிருந்தே கொண்டுபோகிறோம். கோப்பிக் கடையில் கொடுக்கும் அரைவேக்காட்டு முட்டையை வேண்டாம் என்று தள்ளுகிற பிள்ளை, அங்கே மூன்று தின்கிறான்.

அவனைப் பற்றி ஒரு விஷயம். சனிக்கிழமை முழுக்க அவனுக்கு டியூஷன். இரண்டாம் வகுப்புப் பையனுக்கு இவ்வளவு தேவையா என்று நான் கேட்டேன். மாப்பிள்ளை சிரித்தார், தங்கச்சி சிரிக்கவில்லை. அதற்கு மேல் பேசுவது நமக்கு அழகில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை என்னுடையது என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். அப்படித் தொடங்கியதுதான் பறவை பார்க்கிற பழக்கம்.

சுங்கை பூலோவுக்குப் போகிறோம். கிராஞ்சி ரயில் நிலையத்தில் இறங்கி 925 பஸ். முன்பு இறால் பண்ணையும் மீன் பண்ணையுமாக இருந்த சதுப்பு நிலம் அது. 1986-ல் பறவை பார்ப்பவர்கள் சிலர் இந்த இடத்தைக் காப்பாற்றுங்கள் என்று அரசாங்கத்திடம் கேட்டார்கள். 1993-ல் பூங்காவாகத் திறந்தார்கள். செப்டம்பரிலிருந்து மார்ச் வரை சைபீரியாப் பக்கத்திலிருந்து உள்ளான்களும் பவளக்காலிகளும் வந்து இறங்கும். அவற்றில் சில ஜாதி இங்கே தின்று கொழுத்துவிட்டு ஆஸ்திரேலியா வரைக்கும், உங்கள் மெல்பர்ன் பக்கம் வரைக்கும்கூடப் போகின்றன. அவை எல்லாம் வழியில் நம் ஊரில் இறங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் போகின்றன. நீதான் துபாய் போகிறபோது நேர் விமானம் பிடித்தாய்.

எப்போது போனாலும் பறவை இருக்கும் என்று நினைக்காதே. கடலில் நீர் வற்றிக் கிடக்கும்போது அவை வெளியே சேற்றில் தூரமாக மேய்ந்துகொண்டிருக்கும், புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். நீர் ஏறிச் சேறு மூழ்கியதும் பழைய இறால் குளங்களுக்குள் வந்து ஒதுங்கும். மறைவிடத்தில் உட்கார்ந்து கிட்டத்தில் பார்க்கலாம். அதனால் நீர் ஏறும் நேரம் தெரியாமல் நான் கிளம்புவதில்லை. பட்டறையில் கப்பலை டாக்குக்குள் ஏற்றுவதும் நீர் ஏற்றம் பார்த்துத்தான். அன்றைக்கு ஃபோர்மேன் கத்துவதற்காகப் பார்த்த அட்டவணையை இன்றைக்குப் பேரனுக்காகப் பார்க்கிறேன். தூரநோக்கி, கரூசல் இணையச் சந்தையில் பழசு வாங்கினேன். ஒரு பக்கக் கண்ணாடியில் கீறல் இருந்தாலும் எனக்கு அது போதும். சின்னவனுக்கு அவன் அப்பா தனியாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டார்.

நோட்டுப் புத்தகம் ஒன்று வைத்திருக்கிறோம். நான் தேதியும் நீர் ஏற்ற நேரமும் எழுதுவேன், அவன் பறவையை வரைவான். அவன் வரையும் எல்லாவற்றுக்கும் பல் இருக்கும். பறவைக்குப் பல் கிடையாதடா என்றால், முதலைக்கு இருக்கே என்கிறான். பாலத்துக்குக் கீழே ஒருநாள் உண்மையிலேயே முதலை கிடந்தது. அன்றிலிருந்து அவனுக்குப் பறவையெல்லாம் சும்மா சாக்குதான். அம்மா எங்களோடு மறைவிடம் வரை வருவாள், பத்து நிமிடம் பார்ப்பாள், பிறகு பையிலிருந்து பின்னலை எடுத்துவிடுவாள். பாப்பாவுக்குத்தான் ஏதோ பின்னுகிறாள். அளவு கேட்டால் சொல்லாதே, மருமகளிடம் நேராகக் கேட்க அவளுக்கு ஆசை.

பணம் செலவழித்தால்தான் வெளியே போனதாகக் கணக்கு என்று இந்த ஊரில் ஒரு நினைப்பு வந்துவிட்டது. பேரங்காடிக்குப் போவதும் சாப்பிடுவதும் தவிர வேறு தெரியவில்லை. நமக்கு அப்போது வேறு வழி இருந்ததா? ஞாயிற்றுக்கிழமை சாங்கி விமான நிலையத்தின் பார்வைக் கூடம், பஸ் காசு மட்டும், குளிர்சாதனம் இலவசம். இல்லாவிட்டால் சாங்கி கடற்கரையில் பாயை விரித்து, தலைக்கு மேலே விமானம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்போம். எந்த நிறுவனத்து விமானம் என்று வாலைப் பார்த்தே சொல்லுவாய். இன்றைக்கு நீ விமானத்திலேயே வாழ்கிறாய், அது வேறு விஷயம்.

ஆகவே டிசம்பருக்கு என் திட்டத்தைக் கேள். பிறந்தநாள் அன்று காலையில் ஈசூன் புனித மரம் பாலசுப்பிரமணியர் கோயில், பிறகு பூமலை என்று நாம் சொல்லும் தாவரவியல் தோட்டம். 1859-ல் தொடங்கியது, 2015-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது. இன்னமும் உள்ளே போகக் காசு கிடையாது, ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும்தான் சீட்டு. ஐந்து வெள்ளி (டாலர்) நோட்டில் இருக்கும் தெம்புசு மரத்துக் கிளையில் உன்னை உட்கார வைத்துப் படம் எடுத்தேனே, நீ அழுத படம். இப்போது வேலி போட்டிருக்கிறார்கள், பாப்பாவை உட்கார வைக்க முடியாது, வேலிக்கு வெளியே நின்று அழட்டும். புளிச்சோறும் உருளைக்கிழங்கும் அம்மா கட்டித் தருவாள். கேக் வேண்டுமென்றால் ஒரு சின்னது, மழைக்காலம் என்பதால் குடையும் எடுத்துக்கொள்வோம்.

இன்னொரு நாள் புலாவ் உபின். சாங்கி படகுத்துறையில் பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் படகு கிளம்பும், ஆளுக்கு 4 வெள்ளி, ரொக்கமாக. நாம் எட்டுப் பேர் வந்துவிடுகிறோம். மீதி நாலு பேருக்கும் நாமே காசு கொடுத்து உடனே கிளம்பிவிடலாம் என்று நீ சொல்லுவாய். வேண்டாம். யாராவது சைக்கிளோடு வருவார்கள், காத்திருக்கும் நேரத்தில் பேச்சுக் கொடுக்கலாம். அந்தத் தீவில் வெட்டிய கருங்கல்லில்தான் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தையும் ஜோகூர் பாலத்தையும் கட்டினார்கள். வெட்டிய பள்ளங்களில் இப்போது தண்ணீர் நிறைந்து, சுற்றிலும் மரத்தில் நாரைகள். செக் ஜாவா கடலோரத்தை மண் போட்டு மூடப் போனார்கள். 2001-ல் மக்கள் கேட்டுக்கொண்டதால் அதைத் தள்ளிவைத்தார்கள். அங்கே கடலுக்கு மேலே நடைபாலம் போட்டிருக்கிறது, பாப்பாவைத் தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டே போகலாம். அம்மாவால் சைக்கிள் மிதிக்க முடியாது, தீவுக்குள் ஓடும் வேனில் அவளும் மருமகளும் வரட்டும். நீயும் நானும் மாப்பிள்ளையும் சைக்கிள். இருவாச்சி பார்த்துவிட்டால் சின்னவன் எல்லாரையும் நிறுத்திவிடுவான், நோட்டில் ஏறும் வரை நகர முடியாது. பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிடக் கூடாது என்று மருமகளிடம் சொல்லி வை. காட்டுப்பன்றி சாப்பாடு என்று நினைத்துப் பின்னாலேயே வரும். திரும்பி வந்ததும் சாங்கி வில்லேஜ் அங்காடி நிலையத்தில் நாசி லெமாக், உன் செலவு.

கப்பலுக்கு வைத்த பணத்தில் உனக்கு மனசு உறுத்தினால், ரெண்டு நாள் கூடுதலாக லீவு போட்டு வா. ஜெட்ஸ்டாரோ எதுவோ, ராத்திரி விமானமாக இருந்தால் மாப்பிள்ளை வந்து கூட்டிக்கொள்வார்.

கொசு மருந்து அங்கிருந்து கொண்டுவராதே, இங்கே கிடைக்கிறது. சேற்றில் நடக்கிற மாதிரிச் சப்பாத்து பாப்பாவுக்கு ஒரு ஜோடி எடுத்து வை. குழந்தைகளுக்கென்று சின்னத் தூரநோக்கி அங்கே மலிவாகக் கிடைத்தால் அதையும் வாங்கி வா. சின்னவன் தன்னுடையதை அவளிடம் கொடுக்க மாட்டான், டிசம்பர் முழுக்க நமக்குப் பஞ்சாயத்துதான்.

இப்படிக்கு,
அப்பா