கோமதிக்கு, கல்யாண போட்டோ விஷயமாக

கும்பகோணம்

அன்புள்ள கோமதி,

மீனாவுக்குக் கல்யாணம் முடிவான செய்தி வந்த அன்றைக்கே எழுத நினைத்தேன். மாமியாருக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. வேளை தவறாமல் சொட்டு மருந்து, வருகிற போகிற உறவுக்காரர்கள் என்று நாள் ஓடிவிட்டது. இப்போது நன்றாகப் பார்க்கிறார். நீ அனுப்பிய பத்திரிகை மாதிரியைப் போனில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "பொண்ணு பேருக்குப் பின்னால படிப்பைப் போடலியே" என்று கேட்டார். அச்சுக்குப் போகுமுன் அதைக் கவனி.

கல்யாணத்துக்கு யாரை வைப்பது என்று கேட்டிருந்தாயே, அந்தப் போட்டோகிராபர் விஷயத்துக்கு வருகிறேன். இன்ஸ்டாகிராமில் நீ பார்த்து வைத்திருக்கும் மூன்று பேரின் பக்கங்களையும் பார்த்தேன். மூன்றுமே அழகாக இருக்கின்றன. ஆனால் அதை வைத்து முடிவு செய்யாதே. ஐம்பது கல்யாணத்திலிருந்து ஐம்பது படத்தைப் பொறுக்கிப் போட்டால் யாருடைய பக்கமும் அழகாகத்தான் இருக்கும். ஒரே ஒரு கல்யாணத்தை, மாப்பிள்ளை அழைப்பில் தொடங்கிக் கட்டுச்சாதம் கட்டிக் கொடுக்கும் வரை, கொடுத்த படம் அத்தனையும் காட்டச் சொல். அதுவும் உன் வீட்டுக் கல்யாணம் போல விடியற்காலை முகூர்த்தமாக, வெளிச்சம் குறைந்த மண்டபத்தில் எடுத்ததாக இருக்கட்டும். ஹோமப் புகையில் முகங்கள் மங்கிப் போயிருக்கின்றனவா, எல்.இ.டி. விளக்கால் படத்தில் வரி வரியாக விழுந்திருக்கிறதா என்று பார். பந்தியில் உட்கார்ந்திருக்கும் கிழவிகளை யாராவது ஒழுங்காக எடுத்திருக்கிறார்களா என்றும் பார். முழுக் கல்யாணத்தையும் காட்டத் தயங்குகிறவர் வேண்டாம்.

உன் கடிதத்தை அண்ணனிடம் காட்டினேன். அவன் ஸ்டூடியோவில்தான் நீயும் நானும் ஹால் டிக்கெட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டோம், ஞாபகம் இருக்கிறதா? அந்தக் காலத்து 120 ஃபிலிம் ரோலில் 12 படம்தான் விழும். அதனால் முந்தின நாளே புரோகிதரைப் பிடித்து, அந்த வீட்டு வழக்கத்தில் எது முதலில், எது பின்னால் என்று கேட்டு வைத்துக்கொள்வான். கெட்டிமேளம் கேட்டபிறகு இடம் தேடுகிறவனுக்குத் தாலி கட்டுகிற படம் கிடைக்காது என்பான். மேளம் மாறியதும் சபை முழுக்க எழுந்துவிடும், அட்சதை பறக்கும். இப்போது அதோடு நூறு செல்போன் வேறு தலைக்கு மேல் உயர்கிறது. மாங்கல்யத் தட்டு சபையைச் சுற்றிவந்து மேடைக்குத் திரும்பும்போதே அவன் மணவறைக்குப் பக்கத்தில் ஒரு முழங்கால் ஊன்றி உட்கார்ந்திருப்பான். மாப்பிள்ளை போடும் முதல் முடிச்சும், நாத்தனார் போடும் அடுத்த இரண்டும் தவறாமல் விழும்.

தகுதி உள்ளவரா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டிருக்கிறாய். வக்கீலுக்கும் டாக்டருக்கும் இருப்பது போல இந்தத் தொழிலுக்குப் பதிவு, உரிமம் எதுவும் கிடையாது. காலேஜில் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) படித்துவிட்டு வந்தவர்களும் இருக்கிறார்கள், அப்பாவின் கடையில் கற்றுக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். பேச்சுக் கொடுத்துத்தான் ஆழம் பார்க்க வேண்டும். தாலி கட்டும்போது எங்கே நிற்பீர்கள் என்று கேள். தொழில் தெரிந்தவர் உடனே மணவறை எந்தத் திசை, மேடை எவ்வளவு அகலம், வீடியோக்காரர் எங்கே நிற்பார் என்று உன்னைத் திருப்பிக் கேட்பார். கேமராவில் ஒரே சமயத்தில் இரண்டு மெமரி கார்டிலும் படம் பதிவாகுமா, அன்று ராத்திரியே வேறு ஹார்டு டிஸ்கில் ஒரு பிரதி எடுப்பாரா என்றும் கேள். கார்டு பழுதானால் முகூர்த்தத்தை மறுபடி நடத்த முடியாது.

வருவது யார் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள். எங்கள் சித்தி மகள் கல்யாணத்துக்கு ஒரு ஸ்டூடியோ முதலாளியிடம் பேசி முன்பணம் கொடுத்தார்கள். அன்றைக்கு அவருக்கு வேறு மண்டபத்திலும் வேலை. இங்கே வந்தது இரண்டு பையன்கள். பாவம், ஊஞ்சல் நடக்கும்போது அவர்கள் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், யாரும் கூப்பிடவில்லை. கலர் சாத உருண்டையால் பச்சைப்பிடி சுற்றிய ஒரு படம்கூட ஆல்பத்தில் இல்லை. யார் யார் வருவார்கள், எத்தனை மணிக்கு வருவார்கள், ஆல்பத்தில் எத்தனை தாள், என்றைக்குக் கையில் கொடுப்பார்கள், எல்லாம் பில்லில் இருக்கட்டும். கடைசித் தவணையை ஆல்பம் வந்தபிறகு கொடு. அதே சமயம் படம் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதை நீங்களும் தள்ளிப் போடாதீர்கள். மீனா பெங்களூருக்குப் போய்விட்டால் அதற்கு யாரும் உட்கார மாட்டார்கள்.

எனக்கு ஆத்திரம் வருகிற விஷயம் ஒன்று உண்டு. ஆல்பத்தில் எல்லோரையும் வெளுத்துவிடுகிறார்கள். மீனாவுக்கு உன் அம்மாவின் நிறம், அந்தக் களையான கறுப்பு. அதைக் கம்ப்யூட்டரில் வெளுத்துக் கொடுத்தால் அது நம் பெண்ணா? முகத்தை வெளுக்கும்போது அரக்குப் பட்டும் ரோஸாகிவிடும். முழுக் கல்யாணத்தையும் காட்டும்போதே இதையும் பார்த்துக்கொள். கறுத்த பெண்கள் கறுப்பாகவே, பளிச்சென்று தெரிகிறார்களா? அப்படி எடுத்திருக்கிறவர் கொஞ்சம் கூடக் கேட்டாலும் கொடு.

மாப்பிள்ளை வீட்டார் ட்ரோன் கேட்கிறார்கள் என்றாய். உங்கள் தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது, நினைத்த இடத்தில் பறக்கவிட முடியாது. ட்ரோன் விதிகள் 2021-இல் வந்திருக்கின்றன, அந்த இடத்துக்கு அனுமதி உண்டா என்று போட்டோகிராபரே விசாரித்துச் சொல்லட்டும். பெரிய கோயிலில் ஜோடிப் படம் எடுப்பதற்கும் தொல்லியல் துறையிடம் முன்கூட்டிக் கேட்டுவிடச் சொல். மீனா தன் படங்களை அவர்கள் விளம்பரத்துக்குப் போடக் கூடாது என்கிறாள் அல்லவா, நியாயம்தான். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்குத்தான் படத்தின் உரிமை. ஆகவே பில்லின் பின்பக்கம் பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு.

யார் யாரைக் கட்டாயம் எடுக்க வேண்டும் என்று இப்போதே ஒரு தாளில் எழுது. உன் பெரியப்பா, காது கேட்காத அத்தை, மீனாவை வளர்த்த செல்லம்மா. அவர்களையெல்லாம் அடையாளம் காட்ட உன் தம்பி மகனைப் போட்டோகிராபர் கூடவே நிறுத்து.

அடுத்த வாரம் அண்ணன் தஞ்சாவூர் வருகிறான். அந்த மூன்று பேரையும் பார்க்கப் போகும்போது கூட வருகிறேன் என்று அவனே சொன்னான், எந்த நாள் தோதுப்படும் என்று ஒரு வரி எழுது. நான் கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்னதாகவே வந்துவிடுவேன். சீர் பட்சணம் வெளியே சொல்லிவிட்டாயா, இல்லை, முறுக்கையாவது நாம் வீட்டில் சுற்றுவோமா?

அன்புடன்,
வசந்தா