தள்ளிப்போன ஆபரேஷன்

மடிப்பாக்கம், சென்னை

அன்புள்ள சுப்பு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. இந்தக் காலத்திலும் இன்லாண்ட் லெட்டரை எச்சில் தொட்டு ஒட்டுகிற ஆள் கோவில்பட்டியில் நீ ஒருவன்தான் இருப்பாய். அதில் பாதிக்கு மேல் டாக்டரைத் திட்டியிருக்கிறாய். இதய பைபாஸுக்குத் தேதி கொடுத்துவிட்டு, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபின் 9.8தான் இருக்கிறது என்று ஐந்து வாரம் தள்ளிவிட்டாராம். "நாலு பாட்டில் ரத்தம் ஏற்றிவிட்டு முடிக்க வேண்டியதுதானே" என்று கேட்கிறாய்.

முப்பது வருஷம், ஆபரேஷன் நேரத்தில் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பதிலாக ஓடுகிற இதய நுரையீரல் மெஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவன் சொல்கிறேன், அந்த டாக்டரை விட்டுவிடாதே.

நீ கணக்கில் புலி. இதைப் போட்டுப் பார். உன் எடை 55 கிலோ. கிலோவுக்கு 70 மில்லி என்று வைத்தால் உன் உடம்பில் ஓடுவது 3.8 லிட்டர் ரத்தம். மெஷினை உன்னோடு இணைக்கும் முன் அதன் குழாய்களில் காற்றுக் குமிழி இல்லாதபடி சலைன் மாதிரித் திரவத்தை நிரப்பியாக வேண்டும். நாங்கள் அதைப் ப்ரைம் என்போம். எங்கள் மெஷினுக்கு 1.4 லிட்டர் போலப் பிடிக்கும். ஓட விட்டதும் இரண்டும் கலந்துவிடும், பந்திக்கு ஆள் கூடினால் சாம்பாரில் தண்ணீர் ஊற்றுவது போல. உன் 9.8 அங்கேயே 7.2 ஆகிவிடும். கத்தி பட்டுச் சிந்துவதை இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை. அதே நீ 13 வைத்துக்கொண்டு போய்ப் படுத்தால் 9.5இல் நிற்பாய்.

நான் 1984இல் வேலைக்குச் சேர்ந்தபோது, பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் செரியன் நாட்டின் முதல் பைபாஸைச் செய்து ஒன்பது வருஷம்தான் ஆகியிருந்தது. ஹீமோகுளோபின் பத்துக்குக் கீழே இறங்கினால் ரத்தம் ஏற்று என்பதுதான் எங்களுக்கு வேதம். அது 1940களில் யாரோ சொல்லிவைத்தது. ஏன் பத்து என்று நாங்கள் கேட்டதில்லை. சொந்தக்காரர்கள் வேறு வாசலில் நின்றுகொண்டு, "ஒரு பாட்டில் ஏத்துங்க சார், தெம்பா இருப்பார்" என்பார்கள். அடுத்தவர் ரத்தம் குளுக்கோஸ் பாட்டில் இல்லை, சுப்பு. அது உயிருள்ள செல். உடம்பு அதை அந்நியமாகத்தான் பார்க்கும். சிலருக்கு நுரையீரல் நீர் கோத்துக்கொள்ளும், சிலருக்குக் காய்ச்சல் வரும். நிஜமாகவே வேண்டியிருக்கும்போது அதுதான் உயிர் காக்கும், மறுக்கவில்லை. தெம்புக்கு ஏற்றுவதைத்தான் சொல்கிறேன்.

எந்த அளவுக்கு இறங்கினால் ஏற்றுவது என்ற சண்டைக்கு ஒரு தெளிவு நான் ஓய்வு பெற்ற பிறகுதான் வந்தது. கனடாக்காரர்கள் முன்னின்று, பல நாடுகளில் 5,000 இதய ஆபரேஷன் நோயாளிகளுக்கு மேல் சேர்த்துச் செய்த ஆய்வு, 2017இல் வெளியானது. ஒரு சாராருக்கு 7.5க்குக் கீழே போனால்தான் ரத்தம், இன்னொரு சாராருக்கு 9.5க்குக் கீழே வந்தாலே ரத்தம். சாவு, மாரடைப்பு, பக்கவாதம், கிட்னி பழுது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தும் முதல் சாரார் பின்தங்கவில்லை. எத்தனை பாட்டில்களை வீணாகத் தொங்கவிட்டேனோ என்று அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

ஆனால் வழி காட்டியவர் ரொம்ப முன்னாலேயே இருந்தார். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்து டென்டன் கூலி. யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் செத்தாலும் அடுத்தவர் ரத்தம் ஏற்றிக்கொள்ள மாட்டார்கள். மற்ற சர்ஜன்கள் தயங்கிய அவர்களுக்கு இவர் ஆபரேஷன் செய்தார். 1977இல் அவர் குழு வெளியிட்ட கணக்குப்படி 542 ஆபரேஷன், ஒரு பாட்டில்கூட ஏற்றாமல். அவர் பெரிய மந்திரம் எதுவும் போடவில்லை. ரத்தத்துக்குப் பதிலாக டெக்ஸ்ட்ரோஸ் என்கிற சர்க்கரைக் கரைசலை வைத்து மெஷினை நிரப்பினார், வேகமாகவும் சுத்தமாகவும் கை வைத்தார்.

பிற்பாடு நாங்களும் சில வித்தைகள் கற்றோம். எனக்குப் பிடித்தது, மெஷினை ஓட்டும் முன் நோயாளியின் ரத்தத்தையே குழாயில் பின்பக்கமாக வரவிட்டு, உள்ளே இருக்கும் சலைனை வெளியே தள்ளுவது. அரை லிட்டர் வரை மிச்சம் பிடிக்கலாம். பிரஷர் இறங்குகிறது என்று மயக்க டாக்டர் கத்துவார். நான் காது கேளாதவன் மாதிரி இன்னும் ஐம்பது மில்லி எடுப்பேன். அப்புறம் செல் சேவர். சிந்தின ரத்தத்தை உறிஞ்சி, சுழற்றிக் கழுவி, அவருக்கே திருப்பிக் கொடுக்கிற மெஷின். ரத்தப்போக்கைக் குறைக்க டிரானெக்ஸாமிக் ஆசிட் ஊசியும் போடுவார்கள். ஜப்பானில் ஒகாமோட்டோ தம்பதி கண்டுபிடித்த மருந்து, விலை கொஞ்சம்தான். மாதவிலக்கில் அதிகம் போனால் பெண்களுக்குக் கொடுக்கிற மாத்திரையும் இதேதான்.

சரி, உன் கதைக்கு வருகிறேன். இரும்புச்சத்து குறைவு என்று ரிப்போர்ட்டில் இருப்பதாக எழுதியிருக்கிறாய். ஏன் குறைந்தது என்று யாராவது கேட்டார்களா? உனக்கு மூலம் இருக்கிறதே, அதை டாக்டரிடம் சொன்னாயா? வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லியிருக்க மாட்டாய், எனக்குத் தெரியும். மூலத்தோடு, ரத்தம் கட்டாமல் இருக்கக் கொடுக்கிற ஆஸ்பிரினும் சேர்ந்தால் தினம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டே இருக்கும். நாளைக்கே போய்ச் சொல். மூலம்தான் என்று நாமாகத் தீர்மானிக்காமல் அவர்கள் குடலையும் பார்க்கட்டும். ஆஸ்பிரினையோ அதே வேலைக்குக் கொடுக்கிற க்ளோபிடோக்ரெலையோ நீயாக நிறுத்திவிடாதே, எதை எப்போது நிறுத்துவது என்று அவர்கள் சொல்வார்கள். இரும்பு மாத்திரையை டீயோடு விழுங்காதே, உடம்பில் ஒட்டாது. இரும்பை டிரிப்பாக ஏற்றலாம் என்றால் சம்மதி. நெஞ்சுவலி கூடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே வந்தாலோ ஐந்து வாரம் என்று காத்திருக்காமல் உடனே ஓடு.

ரத்தம் கொடுக்க நான்கு பேரைக் கூட்டிவரச் சொன்னார்கள் என்று உன் பையன் அலைகிறானாமே. அலையட்டும், கொடுக்கட்டும். உனக்கு ஆகாவிட்டால் வேறு யாருக்காவது ஆகும்.

எனக்கு வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று. இந்தக் கடிதத்தைக் கண்ணாடி இல்லாமல் எழுதுகிறேன், கையெழுத்து கோணல் என்றால் அது பழைய கோணல்தான். அடுத்த டெஸ்ட் எப்போது? இன்லாண்ட் லெட்டரெல்லாம் வேண்டாம், ரிப்போர்ட் வந்த அன்றே போன் போட்டு நம்பரை மட்டும் சொல்.

உன்,
ராமநாதன்