கேட்டு கேட்டு பின்னிக் குடுத்த உங்க எல்லாருக்கும் நன்றிங்க

எல்லாருக்கும் வணக்கங்க. தை மாசம் முடியப்போகுது, ஏற்காட்டுல பனி கொறைய ஆரம்பிச்சிருச்சு, ரோட்டோரம் படுக்கறவங்களுக்கும் மலைக்காரங்களுக்கும் குல்லா மஃப்ளர் பின்னிக் குடுக்கற நம்ம வேலையும் இந்த வருசத்துக்கு கிட்டத்தட்ட முடிஞ்சுது, அதனால கைகுடுத்த ஒவ்வொருத்தருக்கும் நன்றி எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சத இப்பதான் எழுதறேன். பேரு போடாதீங்கன்னு உங்கள்ல முக்காவாசிப்பேர் சொல்லிட்டீங்க, அதனால யார் பேரையும் போடல. ஆனா படிக்கறப்பவே இது நம்மளத்தான் சொல்றாங்கன்னு உங்களுக்கு தெரிஞ்சுரும்.

முக்கியமா எதுக்கு நன்றின்னு முதல்லயே சொல்லிடறேன். நீங்க கேட்டுட்டு பின்னுனீங்க, அதுக்குத்தான். மார்கழி வந்தா பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம், ஜங்ஷன் வாசல்ல, பெரியாஸ்பத்திரிக்கு வெளிய எல்லாம் பெட்ஷீட் குடுக்கற நல்ல மனுசங்க நம்ம சேலத்துல நெறைய பேர் இருக்காங்க, அது நல்ல காரியம், அதுல ஒரு கொறையும் இல்ல. ஆனா வாங்கறவங்க கிட்ட உங்களுக்கு என்ன வேணும், எந்த கலர் பிடிக்கும், கழுத்துக்கா காலுக்கான்னு யாரும் ஒக்காந்து கேக்கறதில்ல, குடுத்தத வாங்கிக்கணும் அவ்வளவுதான். நீங்க பக்கத்துல ஒக்காந்து பேசி, இஞ்ச் டேப்ப வச்சு தலைய அளந்து, நோட்டுல எழுதிட்டு வந்து பின்னுனீங்க. அதனாலதான் நம்ம பின்னுன சாமான் குப்பைக்கு போகாம ஆள் மேல இருக்கு.

அஞ்சு ரோடு ஈரடுக்கு பாலத்துக்கு அடியில படுக்கற பெரியவர் ஒருத்தர் மங்கி கேப் வேணவே வேணாம்னு சொல்லிட்டாரு. ஏன் தாத்தா குளிரலயான்னு கேட்டா, குளிருதும்மா, ஆனா காத அடைச்சுட்டா ராத்திரி யாரு பக்கத்துல வர்றாங்கன்னு கேக்காதேன்னாரு. வீட்டுக்குள்ள கதவ சாத்திட்டு தூங்கற நமக்கு இது தோணவே தோணாதுங்க. அதக் கேட்டுட்டு வந்து அஸ்தம்பட்டி அக்கா ரெண்டு பேரு தலைப்பக்கம் நெருக்கமாவும் காதுக்கு நேரா மட்டும் வலை மாதிரி இடைவெளி விட்டும் ஒரு குல்லா போட்டீங்களே, எட்டாம் நம்பர் ஊசி, ஃபோர் ப்ளை நூலு, நூறு கண்ணிக்கு கொஞ்சம் மேல, கீழ ரெண்டு நிட் ரெண்டு பர்ல்னு மாத்தி மாத்திப் போட்டு, இழுத்தா விரிஞ்சு குடுக்கற பட்டை, அதான் ரிப், வச்சு, அந்த ஒரு டிசைனத்தான் அதுக்கப்புறம் எல்லாரும் பாத்து போட்டோம். பொம்பளைங்களும் அதத்தான் அதிகமா கேட்டாங்க. காரணம் நான் சொல்லணுமா.

தலையில இருந்துதான் ஒடம்பு சூடெல்லாம் போகுதுன்னு ஒரு பேச்சு இருக்கு, அது சரியில்லைங்க, எந்த எடம் மூடாம இருக்கோ அந்த வழியா போகும், அவ்வளவுதான். ஒடம்ப போர்வையில சுத்திக்கறவங்களுக்கு தலையும் காலும்தான் வெளிய இருக்கும், அதனாலதான் குல்லாவும் காலுக்கு போடறதும் முதல்ல பின்னுனோம். இதையும் அடியில கெடக்கற சிமெண்டு தரைதான் சூட்ட உறிஞ்சும்ங்கறதையும் நமக்கு எடுத்துச் சொன்னது ஆஸ்பத்திரில வேலை பாக்கற அந்த நர்ஸ் சிஸ்டர். தரையில விரிக்க அட்டைப்பெட்டி குடுத்த செவ்வாய்பேட்டை கடைக்காரங்களுக்கும் இந்த எடத்துலயே ஒரு நன்றி.

சிஸ்டர், உங்களுக்கு தனியா ஒரு பாரா எழுதியே ஆகணும். நைட் டூட்டி முடிச்சுட்டு தூங்காம வந்து எங்களுக்கு சொல்லிக் குடுத்தீங்க. சக்கரை வியாதி இருக்கறவங்களுக்கு பாதத்துல உணர்ச்சி கொறைஞ்சு போயிருக்கும், சாக்ஸுக்குள்ள ஒரு சின்ன முடிச்சு இருந்தாக்கூட அது அழுத்தி அழுத்தி புண்ணாகறது அவங்களுக்கே தெரியாதுன்னு நீங்க சொன்ன அன்னைக்கு பின்னி வச்சிருந்த சாக்ஸ் எல்லாத்தையும் எல்லாரும் உள்பக்கம் திருப்பி வெரல விட்டு தடவிப் பாத்தாங்க. மேல்பக்கம் ரிப் இறுக்கமா இருக்கக்கூடாது, கால் வீங்கியிருந்தா வெட்டிரும்னும் சொன்னீங்க. பழைய ஸ்வெட்டர்ல சொறிப்பூச்சி இருக்குமோன்னு பயந்தவங்களுக்கு, மனுசன் ஒடம்புல ஒட்டாம அது ரெண்டு மூணு நாளுக்கு மேல தாங்காது, பையில போட்டு வாய இறுக்கிக் கட்டி ஒரு வாரம் வச்சுட்டு அப்புறம் தொடுங்கன்னு சொன்னதும் நீங்கதான், இல்லன்னா நாங்க எல்லாத்தையும் கொதிக்கற தண்ணில போட்டு கம்பளியெல்லாம் சுருங்கி கொழந்தை சைஸ் ஆயிருக்கும்.

சாக்ஸ்ல இன்னொரு சிக்கல் இருந்துச்சு. ரோட்டுல இருக்கறவங்க போடறது ஹவாய் செருப்பு, முழு சாக்ஸ் போட்டா வார் மாட்டாது, சாக்ஸ கழட்டி வச்சா காலையில அது இருக்காது. அதுக்கு கொகை ஏரியாவுல இருந்து வந்த அந்த காலேஜ் பொண்ணு வெரல மட்டும் வெளிய விட்டு, முட்டிக்கு கீழ ஆரம்பிச்சு பாதத்தோட பாதியில முடியற மாதிரி குரோஷால, அதான் ஒத்தக் கொக்கி ஊசில, ஒண்ணு போட்டுக் காட்டுச்சு, செருப்பும் மாட்டுது காலும் சூடா இருக்குது. தங்கம், ஒனக்கு என்னைக்கும் நல்லது நடக்கணும்.

இப்ப ஏற்காட்டுக்காரங்க. உங்களுக்கு எப்புடி நன்றி சொல்றதுன்னே தெரியலைங்க. கடையில கெடைக்கறது பெரும்பாலும் அக்ரிலிக்னு பிளாஸ்டிக் மாதிரியான செயற்கை நூலு, அது விலை கம்மி, பைப்படியில அலசிப் போட்டா சீக்கிரம் காஞ்சுரும், சேலத்துக்கு அது போதும். ஆனா மலை மேல விடியக்காலம் நெருப்பு மூட்டி சுத்தி ஒக்காந்துதான் குளிர் காயறாங்க, அக்ரிலிக்ல பொறி பட்டா உருகி தோல்ல ஒட்டிக்கும், கம்பளி அப்புடி இல்ல, சட்டுனு பத்தாது, பத்துனாலும் கருகி சாம்பலா உதிரும். அதனால மலைக்கு கம்பளிதான்னு முடிவு பண்ணோம், புதுக் கம்பளி நூலு வாங்கற அளவுக்கு காசு இல்ல. அப்பதான் ஒண்டிக்கடை பக்கத்து வீடுகள்லயும் நாகலூர் பக்கத்துலயும் இருந்து பீரோவுல வருசக்கணக்கா கெடந்த கம்பளி ஸ்வெட்டரெல்லாம் எடுத்துக் குடுத்தீங்க.

அத பிரிக்கறது இருக்கே, அது பின்னறத விட பெரிய வேலைங்க. முதல்ல தையல் உள்பக்கம் பாக்கணும், ஓரம் பிரியாம மெஷின்ல நூல சுத்தி ஓவர்லாக் அடிச்ச ஸ்வெட்டரா இருந்தா அது துணிய வெட்டி தச்சது, இழுத்தா ஒவ்வொரு வரிசையும் துண்டு துண்டா வரும், அத எடுத்து வச்சுட்டு உள்ளத்தனையும் தலைகாணிக்கு அடைச்சிரலாம். சங்கிலி மாதிரி சேத்து தச்சிருந்தா மட்டும்தான் முழு நூலா வரும். அப்புறம் ஒரு இழைய நறுக்கி தீக்குச்சில காட்டணும், முடி பொசுங்கற வாடை வந்தா கம்பளி, உருகி உருண்டையா கெட்டியானா அக்ரிலிக். பிரிச்ச நூலு நூடுல்ஸ் மாதிரி சுருண்டு சுருண்டு நிக்கும், அப்புடியே பின்னுனா கண்ணி கோணலா வரும், அதனால நாற்காலி முதுகுல சுத்தி, நாலு எடத்துல தளர்வா கட்டி, தண்ணில ஊறப்போட்டு, கீழ ஒரு சொம்பக் கட்டி தொங்கவிட்டு காயவைக்கணும். மலையில கார்த்திகை மாசம் துணி எங்க காயுது, சமையக்கட்டுல அடுப்புக்கு மேல கயிறு கட்டி நாள்கணக்குல தொங்கவிட்டிருந்தீங்க. காப்பி பழம் எடுக்கற சீசன்ல பகல் பூரா எஸ்டேட்டுல நின்னுட்டு வந்து ராத்திரி ஒக்காந்து பிரிச்ச அக்காங்க கையெல்லாம் நான் பாத்தேன், பழக்கறை படிஞ்சு வெரல் நுனியெல்லாம் வெடிச்சிருந்துச்சு, அந்த வெரலாலதான் நூலு அறாம சுத்தி உருண்டை புடிச்சுக் குடுத்தீங்க.

அந்த உருண்டைகள இருபது கொண்டை ஊசி வளைவுலயும் உருளாம தன் சீட்டு பக்கத்துல வச்சு கீழ கொண்டாந்து கோரிமேட்டுல எறக்கிக் குடுத்த கண்டக்டர் அண்ணனுக்கும் பெரிய நன்றிங்க.

அம்மாபேட்டை நெசவுக்கார தாத்தா, உங்கள மறக்க முடியுமா. பிரிச்ச நூலுன்னா அங்கங்க அறுந்துதான் வரும், நாங்க போடற முடிச்சு பட்டாணி மாதிரி தெரிஞ்சுது. நீங்க தறியில இழை அறுந்தா போடற அந்த சின்ன முடிச்சக் கத்துக் குடுத்தீங்க, போட்ட எடமே தெரியல. காலுக்கு போடறதுல அந்த முடிச்சும் கூடாதுன்னு சிஸ்டர் சொல்லிட்டாங்கன்னதும் ஒரு நிமிசம் யோசிச்சுட்டு, கம்பளிதானே, ரெண்டு முனையையும் பிரிச்சு ஒண்ணு மேல ஒண்ணு வச்சு தண்ணி தொட்டு உள்ளங்கையில தேய்ச்சுப் பாருன்னீங்க, சூடு ஏற ஏற அதுவா ஒட்டிக்கிச்சு. அக்ரிலிக்ல அது நடக்காதுங்கறதையும் அன்னைக்குத்தான் தெரிஞ்சுகிட்டோம். வாழ்நாள் பூரா பட்டு நூல தொட்ட கை, இந்த பழைய கம்பளிக்காக தெனம் சாயந்திரம் வந்து ஒக்காந்துச்சு.

போர்வைய பத்தி சொல்லணும். ரோட்டுல போர்வை நிக்காது, காலையில சுருட்டி வச்சுட்டு வேலைக்கு போனா சாயந்திரம் எடம் சுத்தமாயிருக்கும், மூட்டையும் போயிருக்கும், இது எல்லாரும் சொன்ன விசயம். அதனால ஒடம்புல மாட்டறத ரோட்டுல இருக்கறவங்களுக்கும், போர்வைய வீடில்லாதவங்க ராத்திரி தங்கற விடுதிக்கும்னு பிரிச்சுகிட்டோம். 2016 ஜனவரி கடைசில சென்னையில பொம்பளைங்க சேந்து 11,148 சதுர மீட்டருக்கு குரோஷா போர்வை போட்டு கின்னஸ்ல ஏறுனாங்களே, அதுவும் சின்ன சின்னதா பின்னி ஒண்ணா கோத்ததுதான், அதச் சொல்லித்தான் கைத்தொழில் டீச்சர் ஸ்கூல் பிள்ளைங்கள உக்கார வச்சாங்க. ஆறு இஞ்ச் சதுரம் எட்டுக்கு பத்துன்னு எம்பது சேத்தா நாலடிக்கு அஞ்சடி வரும். முதல்ல ஓட்டை ஓட்டையா வர்ற டிசைன் பாக்க அழகா இருந்துச்சு, ஆனா காத்து உள்ள பூந்து வெளிய வருது, அதுக்கு பின்னாடி பழைய காட்டன் புடவைய வச்சு தச்சுக் குடுத்த சுய உதவிக் குழு அக்காங்களுக்கு நன்றி. இது எங்க அம்மா கட்டுன புடவைன்னு சொல்லி எடுத்துக் குடுத்தவங்க ரெண்டு பேரு இருந்தீங்க. அத எப்பவும் நெனச்சுக்குவேன்.

லீ பஜார்ல மூட்டை தூக்கிட்டு அங்கயே படுக்கற அண்ணன் ஒருத்தர் கேட்டது எங்க எல்லாருக்கும் புதுசு. குளிர விட எனக்கு ஆதார் கார்டுதான் கவலைங்க, தூங்கறப்ப எவனாவது உருவிட்டு போயிடறான், அது இல்லாம எங்க போனாலும் எதுவும் நடக்கலைன்னாரு. மஃப்ளரோட ஒரு முனைய ஒரு சாண் அளவு மடிச்சு, ரெண்டு பக்கமும் குரோஷால மூடி, உள்ள ஒரு பட்டன் வச்சு பை பண்ணி, அத சட்டைக்குள்ள விட்டுக்கற மாதிரி குடுத்தோம். அப்புறம் பஜார்ல எல்லாரும் பை வச்ச மஃப்ளர்தான் கேட்டாங்க. பட்டன் டப்பாவ அப்புடியே தூக்கிக் குடுத்த டெய்லர் அண்ணனுக்கு நன்றி, ஒரே லாட்டுல கருப்பும் கருநீலமும் எடுத்து வச்சு அடக்க விலைக்கு குடுத்த சின்னக்கடை வீதி நூல்கடைக்காரருக்கும் நன்றி. ராத்திரி ரெண்டு மணிக்கு யாரு எங்க படுத்திருக்காங்கன்னு தெரிஞ்சவர் நம்ம டீக்கடை அண்ணன் ஒருத்தர்தான், அவர் கூட நடந்ததாலதான் யாரும் பயப்படாம எங்க கிட்ட பேசுனாங்க.

விடுதிய பாத்துக்கற அம்மாவுக்கு, நீங்க அங்க இருக்கற ஒவ்வொருத்தரையும் பேரு சொல்லி கூப்புடறீங்க, அது போதும். நகரத்துல ஒவ்வொரு லட்சம் பேருக்கும் ஒரு தங்குமிடமாவது வேணும், வருசம் பூரா தொறந்திருக்கணும்னு சுப்ரீம் கோர்ட் 2010-லயே சொல்லிருச்சு. 2011 கணக்குப்படியே நம்ம சேலம் மாநகராட்சில 8 லட்சத்துக்கு மேல ஜனம், அப்ப எட்டாவது வேணும். குல்லா கூரைக்கு ஈடாகாதுங்க, இத பின்னுன நம்ம எல்லாருக்குமே அது தெரியும், அதனால வார்டு கூட்டத்துல போயி எங்க ஏரியாவுல பொம்பளைங்களுக்கு தனி விடுதி வேணும்னு எழுந்து நின்னு கேட்ட அக்காவுக்கு, பின்னுனவங்களுக்கு சொல்ற அதே நன்றி.

குடுக்கறப்ப யாரும் போட்டோ எடுக்கக்கூடாதுன்னு சொன்னதுக்கு ஒருத்தர் கூட முகம் சுளிக்கல. அதுக்கும் நன்றி.

கடைசியா, ரோட்டுல இருந்தே எங்களுக்கு அளவு குடுத்தவங்க. கோட்டை மாரியம்மன் கோயில் பக்கம் இருக்கற ஆயா மூணு தடவ திருப்பி அனுப்புனாங்க. கை மடங்காது, தலை வழியா மாட்ட முடியாது, முன்னாடி தொறக்கற மாதிரி போடுன்னாங்க. போட்டோம். பட்டன் சின்னதா இருக்கு வெரலுக்கு சிக்கலைன்னாங்க. பெருசு வச்சோம். அப்புறம் ஏன் எல்லாம் கருப்பாவே போடறீங்க, எனக்கு சிகப்பு வேணும்னாங்க. அழுக்கு தெரியும் ஆயான்னா, தெரிஞ்சா தொவைச்சுக்கறேன்னு சொன்னாங்க. ஆடிப் பண்டிகைக்கு போடற மாதிரி நல்ல குங்குமச் சிகப்புல பின்னிக் குடுத்தோம். ஆயா, நீங்க இத படிக்க மாட்டீங்க, நான் நேர்ல வந்து படிச்சுக் காட்டறேன்.

பிரிச்ச கம்பளி ரெண்டு சாக்கு மிச்சம் இருக்கு, வேப்பிலை போட்டு கட்டி வச்சிருக்கேன். வெயில் காலத்துல கம்பளிய மடியில வச்சுக்க முடியாது, அதனால ஆடி கழிஞ்சு ஆரம்பிக்கலாம். மங்கி கேப் மட்டும் யாரும் போட்டுறாதீங்க, காது தொறந்த குல்லாவும் பை வச்ச மஃப்ளரும் எத்தனை வந்தாலும் ஆள் இருக்கு.