கம்பி குத்திய கடிதங்கள்: ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

வணக்கம். மூன்று வருஷமாக உங்களில் பலரை நேரங்கெட்ட நேரத்தில் போன் போட்டுத் தொந்தரவு செய்திருக்கிறேன். "பரணில் பழைய கடிதம் ஏதாவது கிடக்குமா?" என்று கேட்டதையே கேட்டிருக்கிறேன். சென்னை சபா நாடகங்களிலும் அப்புறம் தூர்தர்ஷனிலும் நகைச்சுவை வேஷம் கட்டியவர்கள் ஒருவருக்கொருவர் கையால் எழுதிக்கொண்ட கடிதங்களில் 400-க்கு மேல் இப்போது படமெடுத்துப் படியெடுத்தாகிவிட்டது. நான் ஒருவன் செய்த வேலை இல்லை அது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "நாகேஷ் எழுதினது இருக்கா, கிரேஸி மோகன் எழுதினது இருக்கா" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். இல்லை. நாகேஷ் ரயில்வே வேலையில் இருந்துகொண்டே மேடை ஏறியவர், மோகன் சுந்தரம் கிளேட்டனில் இருந்தவர். அவர்களைப் போலவே பகலில் ஆபீஸ், சாயங்காலம் ஒத்திகை என்று ஓடி, பெயர் வெளியே தெரியாமலே போனவர்களின் கடிதங்கள் இவை. பல கடிதங்கள் ஆபீஸ் வவுச்சரின் பின்பக்கத்தில் எழுதியவை.

திருவல்லிக்கேணி மாமியிடமிருந்துதான் தொடங்க வேண்டும். அவர் கணவருக்கு வந்த கடிதங்கள் அத்தனையும் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு கம்பியில் குத்தித் தொங்கின. அடியில் மரக்கட்டை, மேலே கொக்கி, எல்லா வீட்டிலும் இருந்த அதே கம்பி. மேலே 1991, அடியில் 1968. கீழே போகப் போகத் தாளிப்பு வாசனை. கொடுப்பதற்கு முன் மாமி ஒரு வாரம் கேட்டார். ஒவ்வொன்றாகப் படித்து 11 கடிதங்களை மட்டும் உருவி வைத்துக்கொண்டார். "இதெல்லாம் எங்காத்து சமாசாரம்" என்றார். நான் அவற்றைப் பார்க்கவில்லை. பார்க்காததும் சரிதான்.

கடிதம் சேர்ப்பதில் ஒரு சங்கடம், எழுதியவர் வீட்டில் அவர் எழுதியது இருக்காது. மாமி வீட்டில் இருந்ததெல்லாம் பதில். அவர் கணவர் எழுதிய கேள்விகள் காஞ்சிபுரத்தில், நண்பர் வீட்டில், ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இருந்தன. அந்த வீட்டு அண்ணன் பரணில் ஏறித் தேடி எடுத்து, நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் தேதிவாரியாக அடுக்கியும் வைத்திருந்தார். அண்ணே, இரண்டு கட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்த அந்த மத்தியானத்தை மறக்க மாட்டேன்.

ஏனென்றால் அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. 1975 ஆகஸ்ட் 15-இல் சென்னைத் தொலைக்காட்சி வருகிறது. அதுவரை எழுதிய கடிதங்களில் சபா தேதி, ஒத்திகை, "பத்து ரூபாய் கைமாற்று" இவைதான். அதற்குப் பிறகு ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: "சிரிப்பு வந்ததா?" சபாவில் நடிகன் ஜோக் சொல்லிவிட்டு, சிரிப்பு அடங்கும்வரை நின்று, அடுத்த வரியை எடுப்பான். ஸ்டுடியோவில் காமிரா மட்டும்தான். யார் சிரித்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? 'எதிரொலி'யில் நேயர் கடிதம் படிப்பார்கள், ஆனால் துணை நடிகன் பேர் அதில் எங்கே வரப்போகிறது! அதனால் செவ்வாய்க்கிழமை நாடகம் ஒளிபரப்பான ராத்திரியே காஞ்சிபுரத்து நண்பர் கார்டு எழுதுகிறார்: எந்த இடத்தில் தெருவே சிரித்தது, எந்த இடத்தில் ஆண்டெனா காற்றில் திரும்பிப் புள்ளி புள்ளியாகப் போனது, அவர் மனைவி எதற்குச் சிரிக்கவில்லை. 15 பைசா கார்டில் கைதட்டல் அனுப்பியிருக்கிறார் மனுஷன்.

இனி என் முட்டாள்தனம். கையில் வந்த முதல் பத்துக் கடிதங்களை, பத்திரமாக இருக்கட்டும் என்று, லேமினேட் செய்துவிட்டேன். சூட்டில் நீல மசி மங்கி, இரண்டு கார்டுகளில் கையெழுத்தே தேய்ந்துவிட்டது. இனி அதைப் பிரிக்கவும் முடியாது. நூலகத்தில் வேலை பார்த்த ஒரு அக்கா, "கடிதத்தைக் காப்பாத்தறதா நினைச்சுக் கொன்னுட்டீங்களே" என்று திட்டிவிட்டு, அமிலமில்லாத காகித உறையும் மெல்லிய தூரிகையும் வாங்கித் தந்தார். செலோடேப் கூடாது, நாப்தலின் உருண்டை கூடாது, கைக்குப் பவுடர் கூடாது என்று எழுதியும் கொடுத்தார். அவர் திட்டியதற்கும் சேர்த்து நன்றி. கோட்டையூரில் தனி ஒருவராக நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று சேர்த்தவரின் சேகரிப்பிலிருந்து எழுந்ததுதான் தரமணியிலிருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் என்று அவர்தான் எனக்குத் தெம்பு சொன்னார்.

தேதியே போடாமல் "செவ்வாய் ராத்திரி" என்பதுபோலக் கிழமை மட்டும் எழுதிய கார்டுகளுக்கு ஆண்டு கண்டுபிடித்துத் தந்தவர் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். முத்திரையைப் பூதக்கண்ணாடியில் பார்ப்பார். முத்திரை அழிந்திருந்தால் முகவரியைப் பார்ப்பார்: 600005 என்று இருந்தால் பின்கோடு வந்த 1972-க்குப் பின்னால், வெறும் 'மதராஸ்-5' என்றால் பெரும்பாலும் அதற்கு முன்னால். இறப்புச் செய்தி சொல்லும் கார்டு ஒன்றுகூட ஏன் இல்லை என்று கேட்டேன். "அதைப் படிச்ச உடனே கிழிச்சிடுவாங்களே சார், வீட்ல வெச்சுப்பாங்களா?" என்றார். எனக்கே தெரிந்த வழக்கம், மறந்துபோயிருந்தது.

தும்பிக்கை போல வளைந்த பழைய ணை, லை, னை-யை எந்தச் செயலியும் படிக்காமல் தகராறு செய்தபோது, கையாலேயே தட்டச்சு செய்து தந்த கல்லூரித் தங்கைகள் இருவருக்கும் நன்றி. காகிதம் பெற்றவருடையது, ஆனால் எழுத்தின் உரிமை எழுதியவருக்கும், அவருக்குப் பின் அவர் வாரிசுக்கும் என்று விளக்கி, ஒப்புதல் படிவமும் எழுதித் தந்த வக்கீல் சாருக்கும்.

மதுரையில் மகள் வீட்டில் இருக்கும் பெரியவரைக் கடைசியாக வைத்திருக்கிறேன். கம்பியில் குத்தினால் எல்லாக் கடிதத்திலும் நடுவில் ஓர் ஓட்டை. ஒரு கார்டில் அது சரியாக ஒரு சொல்லைத் தின்றுவிட்டது. "அடுத்த நாடகத்தில் எனக்கு ஒரு ... மட்டும் கொடு, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்." வேஷமா? வசனமா? சீனா? போனில் படித்துக் காட்டினேன். பெரியவர் யோசிக்கவே இல்லை. "இருமல்" என்றார்.

எழுதியவருக்கு இழுப்பு உண்டாம். ஒருமுறை மேடையில் வசனம் மறந்து, திணறி இருமப்போக, சபாவே சிரித்துவிட்டதாம். அதிலிருந்து அவர் உள்ளே வருவதே இருமலோடுதான். எப்படி என்று பெரியவர் போனிலேயே இருமிக் காட்டினார். முதலில் சின்னதாக இரண்டு, ஒரு நிறுத்தம், அப்புறம் பெரிதாக ஒன்று. பின்னாலிருந்து மகள் "என்னப்பா ஆச்சு?" என்று தண்ணீர்ச் சொம்போடு ஓடிவரும் சத்தம் கேட்டது. 86 வயதில் அந்த மனுஷன் சிரித்தார் பாருங்கள்!

கடிதங்களைப் படமெடுத்து முடித்து, அவரவர் வீட்டுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன். மாமியின் கடிதங்களை உறையில் போட்டு நீட்டியபோது கம்பியையும் கேட்டு வாங்கிக்கொண்டார். மறுமுறை போனபோது அது பழைய இடத்திலேயே, கதவுக்குப் பின்னால் தொங்கியது. அதில் கேஸ் சிலிண்டர் ரசீது குத்தியிருந்தது.