எங்கள் நெல்லை எந்த வருஷத்து விலையில் அளக்கிறீர்கள்?

மதிப்பிற்குரிய பொருளாதார வல்லுநர்களுக்கு,

வணக்கம். தொலைக்காட்சி விவாதங்களில் உலக வர்த்தகம் பற்றிப் பேசுகிறவர்கள், நாளிதழ்களின் நடுப்பக்கத்தில் மானியம் பற்றி எழுதுகிறவர்கள், அரசுகளுக்கு ஆலோசனை சொல்கிறவர்கள், எல்லோருக்குமாகத்தான் இந்த மடல். மன்னார்குடிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் சொந்த நிலத்திலும், குத்தகைக்கு எடுத்த மூன்று ஏக்கர் கோயில் நிலத்திலும் நெல் சாகுபடி செய்கிறேன். உங்கள் பேச்சை விடாமல் கேட்கிறவன். கேட்டபின் தூக்கம் வராமல் கிடந்த இரவுகளும் உண்டு. "நெல்லுக்கான விலை ஆதரவு" என்று நீங்கள் சொல்லிக் கடந்துபோகும் ஒரு வரிக்குள்தான் எங்கள் வீட்டின் முழு வருஷமும் இருக்கிறது.

இந்தியா நெல்லுக்கு அளவுக்கு மீறி ஆதரவு தருகிறது, உலக வர்த்தக அமைப்பின் வரம்பைத் தாண்டிவிட்டது என்று உங்களில் பலர் சொல்கிறீர்கள். கணக்குப்படி அது சரி. 2018-19-இல் நெல் உற்பத்தியின் மதிப்பு 4,367 கோடி டாலர், கொடுத்த ஆதரவு 500 கோடி டாலர் என்று இந்தியாவே அந்த அமைப்புக்கு எழுதிக் கொடுத்தது. வளரும் நாடுகளுக்கு உற்பத்தி மதிப்பில் 10 சதவீதம்தான் வரம்பு. 2013-இல் அந்த அமைப்பின் பாலி மாநாட்டில் ஒரு சமாதான ஷரத்து கிடைத்தது, ரேஷனுக்காக அரசு தானியம் வாங்கி வைப்பதில் வரம்பு மீறினாலும் வழக்குப் போட மாட்டோம் என்ற உறுதி. அது இருந்ததால் வழக்கில்லாமல் தப்பித்தோம்.

ஆனால் அந்த ஆதரவை எப்படிக் கணக்குப் போடுகிறார்கள் என்று விவாதத்தில் யாரும் விளக்கி நான் கேட்டதில்லை. அரசு அறிவிக்கும் ஆதரவு விலையிலிருந்து ஒரு பழைய உலகச் சந்தை விலையைக் கழிக்கிறார்கள். மிச்சத்தைக் கொள்முதல் அளவால் பெருக்குகிறார்கள். அந்தப் பழைய விலை 1986 முதல் 1988 வரையிலான சராசரி. 1995-இல் அந்த அமைப்பின் வேளாண் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. அந்த விலை மட்டும் அன்று எழுதியபடியே இன்றும் நிற்கிறது. 1986-87-இல் ஒரு குவிண்டால் நெல்லின் ஆதரவு விலை 146 ரூபாய். 2025-26-இல் சாதாரண ரகத்துக்கு 2,369 ரூபாய். இடைப்பட்ட காலத்தில் நடவுக் கூலி, டீசல், அறுவடை இயந்திர வாடகை எல்லாம் எங்கே போய் நிற்கின்றன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்தியா கணக்கை டாலரில் கொடுப்பதால் ரூபாயின் சரிவு ஓரளவு ஈடாகிறது என்பீர்கள். சரி. டாலரின் வாங்கும் சக்தி மட்டும் 1988-இல் இருந்தபடியேவா இருக்கிறது?

இன்னொரு கணக்கும் உண்டு. அதையும் போட்டது உங்களைப் போன்ற வல்லுநர்கள்தான். ஓஈசிடி என்கிற பணக்கார நாடுகளின் அமைப்பும் டெல்லியிலுள்ள இக்ரியர் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து 2018-இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டன. 2000-01 முதல் 2016-17 வரை இந்திய விவசாயிகளின் மொத்த வரவு, கொள்கைகளின் காரணமாக, ஆண்டுக்குச் சராசரியாக 14 சதவீதம் குறைந்துபோனது என்கிறது அந்த அறிக்கை. ஏற்றுமதித் தடைகள், உள்நாட்டுச் சந்தைக் கட்டுப்பாடுகள் எல்லாம் அதற்குக் காரணங்கள். அது எல்லாப் பயிர்களுக்குமான கணக்கு, நெல்லுக்கு மட்டுமானது அல்ல. ஆனாலும் ஒரே நாட்டு விவசாயியை உலக வர்த்தக அமைப்பின் கணக்கு சலுகையில் வாழ்கிறவன் என்கிறது, ஓஈசிடி கணக்கு வரி கட்டுகிறவன் என்கிறது. எதை நம்பி எங்களுக்கு ஆலோசனை சொல்கிறீர்கள்? நான் உங்களிடம் கேட்க வந்த கேள்வியே இதுதான்.

அதே வேளாண் ஒப்பந்தத்தில் அமெரிக்காவுக்கு ஆண்டுக்கு 1,910 கோடி டாலர் வரை, வர்த்தகத்தைச் சிதைக்கும் என்று அந்த ஒப்பந்தமே ஒத்துக்கொள்ளும் வகை ஆதரவைத் தர உரிமை இருக்கிறது. அன்றைக்கு அதிகமாகக் கொடுத்துக்கொண்டிருந்த நாடுகளுக்கு அதிக உரிமை கிடைத்தது, கொடுக்க வசதியில்லாத நாடுகளுக்குப் 10 சதவீதம் கிடைத்தது. இதை நீங்கள் விவாதத்தில் சொல்லாமல் விடும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

ஏற்றுமதிக்கு வருகிறேன். 2022 செப்டம்பரில் குருணை அரிசி ஏற்றுமதிக்குத் தடை வந்தது. 2023 ஜூலை 20 அன்று பாசுமதி அல்லாத வெள்ளை அரிசிக்குத் தடை. அடுத்த மாதமே புழுங்கல் அரிசிக்கு 20 சதவீத வரி. 2024 செப்டம்பர் இறுதியில்தான் வெள்ளை அரிசிக்கான தடை நீங்கியது. உலக அரிசி வர்த்தகத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் இந்தியாவுடையது. அந்தக் கதவை மூடினால் செனகலில் குருணை வாங்கிச் சமைக்கிற வீடும் பெனினில் புழுங்கல் அரிசி வாங்குகிற வீடும் அடிபடும். அந்த வலியை நீங்கள் எடுத்துச் சொன்னீர்கள், நல்லது. நகரத்து நுகர்வோருக்கு விலை ஏறக் கூடாது என்றார்கள் மற்றவர்கள். அதுவும் நியாயம்தான். எங்கள் ஊரில் நடந்ததை நான் சொல்கிறேன். டெல்டா நெல்லில் பெரும்பகுதி அரசுக் கொள்முதலுக்குப் போகிறது. சன்ன ரகம் போட்டவர்கள் மட்டும் வெளி வியாபாரியிடம் கொஞ்சம் கூடுதல் விலை பார்ப்பார்கள். தடைச் செய்தி வந்த வாரமே களத்துக்கு வந்த தரகர், "ஏற்றுமதி நின்னுபோச்சு, இனிமே இந்த விலைதான்" என்று இறக்கிக் கேட்டார். உலகச் சந்தையில் அரிசி பதினைந்து வருஷத்தில் காணாத விலைக்கு ஏறிய அதே சமயம் அது. விலை சரியும்போது உலகச் சந்தை எங்கள் களம்வரை வருகிறது. ஏறும்போது துறைமுகத்திலேயே நின்றுவிடுகிறது.

தடையே கூடாது என்று நான் சொல்லவில்லை. எங்கள் ஊரில் நிலமில்லாத கூலி வீடுகள்தான் அதிகம். அரிசி விலை ஏறினால் முதலில் திண்டாடுவது அவர்கள். ஆனால் முடிவை நாற்று விடும் முன்பே அறிவிக்க முடியாதா? மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறக்கிறார்களா என்று வருஷா வருஷம் பார்த்துத்தான் குறுவையை முடிவு செய்கிறோம். தண்ணீருக்கு ஒரு தேதி இருப்பதுபோல வர்த்தகக் கொள்கைக்கும் ஒரு தேதி இருந்தால், எந்த ரகம் போடுவது, எவ்வளவு கடன் வாங்குவது என்று நாங்கள் தீர்மானித்துக்கொள்வோம்.

அப்புறம் அந்த ஆதரவு விலை. உங்கள் கணக்கில் அது கிடைத்துவிட்ட பணம். தமிழக அரசின் ஊக்கத்தொகையும் சேர்த்து 2025-26-இல் சாதாரண ரகத்துக்கு 2,500 ரூபாய், சன்ன ரகத்துக்கு 2,545 ரூபாய். குறுவை நெல் புரட்டாசி, ஐப்பசியில் அறுவடையாகும். வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான் வரும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் வாங்க மாட்டார்கள். அந்த மழையில், அந்த ஈரக் காற்றில், 17-க்குக் கொண்டுவருவது பெரும்பாடு. தளர்த்தச் சொல்லி மாநில அரசு கடிதம் எழுதும், டெல்லியிலிருந்து குழு வந்து மாதிரி எடுத்துப் போகும். உத்தரவு வருவதற்குள் நெல் காத்திருக்குமா?

ஒரு வருஷம் நான் கொள்முதல் நிலையத்தின் முன்னால் பதினொரு நாள் கிடந்தேன். ரோட்டோரம் நெல்லைக் கொட்டி, தார்ப்பாய் போட்டு, மழை விட்டதும் பிரித்துக் காயவைத்து, மேகம் திரண்டதும் மறுபடி மூடி. என் மனைவி பகலிலும் நான் ராத்திரியிலும் காவல். ஏழாம் நாள் குவியலின் அடியில் கைவிட்டேன், சூடாக இருந்தது. வெளியே எடுத்தால் வெள்ளை வெள்ளையாக முளை. அடிப்பகுதி நெல்லைத் தனியாக அள்ளி, மாட்டுத் தீவனத்துக்குக் கேட்டவரிடம் கேட்ட விலைக்குக் கொடுத்தேன். மிச்சத்தைச் சிப்பம் போட்டபோது, ரசீதில் எழுதாத ஒரு தொகையையும் மூட்டைக்கு இவ்வளவு என்று கொடுக்க வேண்டியிருந்தது. உலக வர்த்தக அமைப்புக்குப் போகும் கணக்கில் எனக்கு முழு ஆதரவு விலையும் வந்ததாகத்தான் இருந்திருக்கும்.

கொள்முதலையே நிறுத்திவிட்டுப் பணமாகக் கொடுக்கலாம் என்பவர்களுக்கு ஒரு விஷயம். 1965 ஜனவரி 14 அன்று இந்திய உணவுக் கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகம் திறந்தது தஞ்சாவூரில்தான். அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து நாடு இருந்த காலம் அது. இன்று ரேஷன் கடையில் விலையில்லாமல் அரிசி வாங்குவது என் வயலில் நாற்று நட்ட பெண்கள்தான். அந்தக் கடைக்கு அரிசி வருவது இந்தக் கொள்முதலால். அதோடு, பணத்தை யார் பெயரில் போடுவீர்கள்? பிரதமரின் கிசான் திட்டத்தில் வருஷத்துக்கு 6,000 ரூபாய் நில உடைமையாளருக்குத்தான் வருகிறது. என் ஒன்றரை ஏக்கருக்காக எனக்கு வருகிறது; முழுக்கக் குத்தகையில் உழுகிற பக்கத்து வயல்காரருக்கு ஒரு பைசா இல்லை. கோயில், மடத்து நிலங்கள் நிறைந்த தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினத்தில் அவரைப் போல எத்தனையோ பேர்.

உரத்தைப் பற்றி நீங்களே நிறையப் பேசியாயிற்று. பொட்டாஷ் முழுக்க வெளிநாடு. யூரியாவுக்கும் இறக்குமதி எரிவாயு வேண்டும். 2022-இல் உக்ரைனில் போர் தொடங்கியபோது திருவாரூர் உரக்கடையில் வரிசை நீண்டது. டிஏபி மூட்டை 1,350 ரூபாயில் நிற்பது மானியத்தால்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த விலைக்குக் கிடைக்காத வாரங்களும் உண்டு.

எம். எஸ். சுவாமிநாதன் கும்பகோணத்தில் பிறந்தவர். அவர் தலைமையில் 2004 முதல் 2006 வரை இயங்கிய தேசிய விவசாயிகள் ஆணையம், சாகுபடிச் செலவுக்கு மேல் குறைந்தது 50 சதவீதம் சேர்த்து விலை கொடுங்கள் என்றது. இப்போது அரசு அந்த 50 சதவீதத்தைச் சேர்ப்பது கைச்செலவு, குடும்ப உழைப்பு இரண்டின் மேல்தான். சொந்த நிலத்தின் வாடகை மதிப்பும் முதலுக்கான வட்டியும் அதில் கிடையாது. எந்தத் தொழிலுக்கு நீங்கள் இவற்றை விட்டுவிட்டுக் கணக்குப் போடுவீர்கள்?

2015-இல் நைரோபி, 2017-இல் பியூனஸ் அயர்ஸ், 2022-இல் ஜெனீவா, 2024-இல் அபுதாபி என்று உலக வர்த்தக அமைப்பின் மாநாடுகள் நடந்தன. அரசு தானியம் வாங்கிச் சேர்த்து வைக்கும் பொதுக் கையிருப்புக்கு நிரந்தரத் தீர்வு எதிலும் வரவில்லை. அடுத்த முறை நீங்கள் அந்த மேசையில் உட்கார்ந்தால், அல்லது உட்காருகிறவர்களுக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்தால், 1986-88 விலையை மாற்றாமல் வேறு எதையும் பேச வேண்டாம் என்று முதல் வரியிலேயே எழுதுங்கள்.

அதற்கு முன் ஒருமுறை இங்கே வாருங்கள். தையில் வேண்டாம், அப்போது வெயில் காய்ந்து எல்லாம் அழகாக இருக்கும். ஐப்பசியில் வாருங்கள். மன்னார்குடி ரயிலடியிலிருந்து நானே கூட்டிப் போகிறேன். கொள்முதல் நிலையத்துக்கு முன்னால் என் குவியலின் அடியில் உங்கள் கையை விட்டுப் பாருங்கள்.

அன்புடன்,
மன்னார்குடி வட்டத்திலிருந்து ஒரு குத்தகை விவசாயி